கோடை வகுப்புக்கு 6,000 டாலர்: கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஜனவரி பிறந்தால் போதும். அமெரிக்காவில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான்: "சம்மருக்கு என்ன பண்றான்?" ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காரில் சாய்ந்து நிற்கும் அப்பாக்கள் இரண்டே நிமிடத்தில் இதற்கு வந்துவிடுவார்கள். ஒருவர் மகள் ஹார்வர்டில் இரண்டு வாரம். இன்னொருவர் மகன் ஸ்டான்ஃபோர்டில் மூன்று வாரம். கேட்டுக்கொண்டு நிற்கும் மூன்றாமவருக்கு வயிற்றைக் கலக்கும். இந்தக் கட்டுரை அந்த மூன்றாமவருக்கு. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பிள்ளையை அனுப்ப யோசிப்பவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

விஷயம் புதிதாக இருந்தால் ஒரு வார்த்தை. ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பிரவுன், ஸ்டான்ஃபோர்ட் போன்ற பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் ஜூன், ஜூலையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளையும் விடுதிகளையும் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிடுகின்றன. ஒரு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரை வகுப்புகள் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு வாரத்துக்கு 5,000 முதல் 7,000 டாலர் சாதாரணம். மூன்று வாரம் என்றால் சில இடங்களில் 12,000 டாலரைத் தாண்டும். ஹார்வர்டில் கல்லூரி கிரெடிட் (பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளக்கூடிய பாடக் கணக்கு) கிடைக்கும் ஏழு வார வகுப்பு, தங்குமிடம் சாப்பாட்டோடு 15,000 டாலர் அளவுக்கு வந்து நிற்கும்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்புகளில் பல நல்ல வகுப்புகள்தான். ஆனால் பெரும்பாலான பெற்றோர் எதை வாங்குவதாக நினைத்துப் பணம் கட்டுகிறார்களோ, அது அந்தக் கடையில் விற்பனைக்கே இல்லை. அதாவது, அதே கல்லூரியில் பிற்பாடு இடம் கிடைப்பது.

முதல் வேலை: எதற்காக அனுப்புகிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்

பிள்ளையையும் உட்கார வைத்து, ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். "ஹார்வர்டில் சேர உதவும்" என்று உங்கள் தாளிலும், "ஃபிரெண்ட்ஸ் எல்லாம் போறாங்க" என்று பிள்ளையின் தாளிலும் இருந்தால், 6,000 டாலருக்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கைதான் காரணம் என்றால், வகுப்பை நடத்தும் பல்கலைக்கழகத்தின் கேள்வி-பதில் பக்கத்தைத் திறந்து படியுங்கள். கோடை வகுப்பில் சேர்வதால் இளநிலைப் பட்டப்படிப்புக்கு இடம் உறுதியாகாது என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். அது வக்கீல் எழுதிக் கொடுத்த சம்பிரதாய வரி இல்லை, உண்மை. கோடை வகுப்பை நடத்துவது பெரும்பாலும் தனிப் பிரிவு, சேர்க்கை அலுவலகம் வேறு. கோடைப் பிரிவுக்கு இருக்கைகளை நிரப்ப வேண்டும், சேர்க்கை அலுவலகத்துக்கு ஆட்களைக் கழிக்க வேண்டும். பணம் கட்டி வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு காரணமும் கிடையாது.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்து இடம் தருவார்கள். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான். இரண்டு வார வகுப்பு அந்தப் பத்தில் ஒன்று. "இரண்டு வாரம் தலைமைப்பண்பு வகுப்பு, குழு விவாதம், இறுதி நாளில் விளக்கவுரை" என்று ஒரு வரி. பக்கத்தில் இன்னொரு பிள்ளை, "ஊர் நூலகத்தில் இரண்டு கோடையாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம், பாடத்தாள்களை நானே எழுதினேன்" என்று எழுதியிருக்கிறாள். செலவு பூஜ்யம். படித்துப் பார்க்கிறவருக்கு எந்தப் பிள்ளையின் முகம் தெரியும்? முதல் வரியில் அப்பாவின் கிரெடிட் கார்டுதான் தெரிகிறது என்று நினைக்கும் சேர்க்கை அதிகாரிகளும் உண்டு. அதனால் கெடுதல் என்று சொல்லவில்லை. நீங்கள் நினைக்கும் அளவுக்கு நல்லது இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது: யார் நடத்துகிறார்கள்?

வளாகம் ஒருவருடையது, வகுப்பு இன்னொருவருடையது என்பது இங்கே சர்வசாதாரணம். கல்யாண மண்டபம் மாதிரி, கோடையில் பல்கலைக்கழகங்கள் விடுதியையும் அரங்கையும் வெளியாருக்கு வாடகைக்கு விடும். எனவே விளம்பரத்தை மெதுவாகப் படியுங்கள். "இன்ன பல்கலைக்கழகத்தில் நடைபெறும்" என்பது வேறு, "இன்ன பல்கலைக்கழகம் நடத்தும்" என்பது வேறு. இணைய முகவரி கல்வி நிறுவனங்களுக்கான டாட் ஈடியூ என்று முடிகிறதா, டாட் காம் என்று முடிகிறதா? கட்டணம் யார் பெயருக்குப் போகிறது? முடிவில் தரும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? இந்த மூன்றையும் பார்த்தால் பாதி தெளிந்துவிடும்.

தபாலில் வரும் ஒரு தினுசு கடிதம் உண்டு. தடித்த தாள், தங்க முத்திரை, "உங்கள் மகள் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறாள்" என்ற வாசகம், நான்கு வாரத்துக்குள் பதில் போட வேண்டும் என்ற கெடு. பரிந்துரைத்தது யார் என்று தேடினால் பெயர் இருக்காது, அல்லது ஏதோ ஓர் ஆசிரியர் என்று மொட்டையாக இருக்கும். பிள்ளை எப்போதோ ஒரு தேர்வுப் படிவத்திலோ கருத்துக்கணிப்பிலோ முகவரி எழுதியிருப்பாள், அந்தப் பட்டியல் கைமாறியிருக்கும். பெருமையாக இருக்கிறதே என்று ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்கு முன், அதே வகுப்பில் எத்தனை பேருக்கு இதே கடிதம் வந்தது என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அதற்காகப் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தாததெல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த நாட்டின் மிக மதிப்பான கோடைப் பயிற்சிகளில் சில, லாப நோக்கில்லாத தனி அமைப்புகள் நடத்துபவை. 1959ல் தொடங்கிய சம்மர் சயின்ஸ் புரோகிராம் அப்படித்தான். அதில் வானியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைகள் பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளைத் தாங்களே தொலைநோக்கியில் படமெடுத்து, நிலையைக் கணக்கிட்டு, நிரல் எழுதி, அதன் சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்துவிட்டு வருவார்கள். பெயர்ப்பலகையைவிடப் பிள்ளை அங்கே என்ன செய்கிறாள் என்பதுதான் கணக்கு.

மூன்றாவது: உள்ளே போவது எவ்வளவு கஷ்டம்?

எனக்குத் தெரிந்த மிக எளிய சோதனை, விண்ணப்பத்தின் கடைசித் தேதி. உண்மையில் தேர்ந்தெடுக்கும் இடங்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கதவைச் சாத்திவிடும். ஏப்ரல் முடிந்தும் "சில இடங்களே உள்ளன" என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு வேண்டியது பிள்ளையின் திறமை இல்லை.

இரண்டாவது சோதனை, விண்ணப்பத்தில் என்ன கேட்கிறார்கள் என்பது. மதிப்பெண் பட்டியல், ஒரு பத்தி, 75 டாலர் என்று முடிந்துவிட்டால் அது பதிவு, தேர்வு இல்லை. இதற்கு நேர் எதிர், கணித முகாம்கள். அர்னால்ட் ராஸ் 1957ல் தொடங்கிய ராஸ் முகாம், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் நடக்கும் புரோமிஸ், 1993ல் ஆரம்பித்த மேத்கேம்ப் ஆகிய மூன்றுமே விண்ணப்பத்தோடு ஒரு கணக்குத் தாளைக் கொடுத்துவிடும். வீட்டில் உட்கார்ந்து வாரக்கணக்கில் யோசித்து, விடையை மட்டுமல்ல, ஏன் அது விடை என்ற நிரூபணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும்.

இந்தத் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளைக்குக் கணக்கில் ஆசை என்று நீங்கள் நம்பினால், ஒரு தாளை அச்சடித்து மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். பத்து நாள் கழித்தும் மூன்றாவது கணக்கைப் பற்றிச் சாப்பிடும்போது பேசினால், அவளுக்கு எந்த மாதிரி கோடை வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தாள் அங்கேயே கிடந்தால், அதுவும் தெரிந்துவிட்டது. காசு மிச்சம்.

நான்காவது: காசு கேட்காத இடங்களை முதலில் தேடுங்கள்

வாங்கும் பணத்துக்கும் மதிப்புக்கும் இங்கே ஏறக்குறைய தலைகீழ் உறவு. 1984 முதல் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற அறிவியல் ஆய்வுப் பயிற்சி, எம்ஐடி வளாகத்தில் ஆறு வாரம், நூறு பேர் அளவுக்கு எடுப்பார்கள், படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். டெல்யூரைடு அமைப்பின் கருத்தரங்கு வரலாறு, இலக்கியம், சமூகம் பக்கம் சாய்ந்த பிள்ளைகளுக்கு, அதுவும் முழுக்க இலவசம். நம் வீடுகளில் அறிவியல் அல்லாத பிள்ளைகளை மறந்துவிடுகிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எம்ஐடியின் மைட்ஸ் என்ற அறிவியல், பொறியியல் கோடைப் பயிற்சி இலவசம். நியூயார்க் லாங் ஐலண்டில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் ஆய்வுப் பயிற்சியில் உதவித்தொகையும் உண்டு. மேலே சொன்ன கணித முகாம்களுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் வருமானத்தைப் பார்த்து உதவி செய்வார்கள்.

மாநில அரசுகள் நடத்தும் கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற கோடைப் பயிற்சி பலருக்குத் தெரிவதே இல்லை. வட கரோலைனாவில் 1963ல் ஆரம்பித்த ஏற்பாடு இது, இப்போது பல மாநிலங்களில் உண்டு. நியூ ஜெர்சியில் அறிவியலுக்கு ட்ரூ பல்கலைக்கழகத்திலும் பொறியியலுக்கு ரட்கர்ஸிலும் நடக்கிறது, படிப்புக் கட்டணம் கிடையாது. பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர்தான் பெயர் கொடுக்க வேண்டும், எனவே இலையுதிர் காலத்திலேயே அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அதே நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் பாஸ்டனுக்கு 6,000 டாலர் அனுப்புகிறவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் காஸ்மாஸ் என்ற அறிவியல், கணிதக் கோடைப் பயிற்சி இருக்கிறது: நான்கு வாரம், கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில், கட்டணம் உண்டு, உதவியும் உண்டு, தேர்வும் உண்டு.

இங்கே நம்மவர்களில் பலருக்கு மட்டும் ஒரு முள். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் குடும்பத்தின் பிள்ளை, எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருப்பாள். இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்திருப்பாள். ஆனால் ஆர்எஸ்ஐயில் அமெரிக்க மாணவர்களுக்கான இடங்கள் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத்தான். சைமன்ஸும் அப்படியே. வேலை அனுமதி இல்லாததால் சம்பளம் தரும் ஆய்வகப் பயிற்சியும் பெரும்பாலும் கைகூடாது. இதைப் பிள்ளை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் போய்த் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். முதல் நாளே தகுதிப் பகுதியைப் படியுங்கள். டெல்யூரைடு, ராஸ், புரோமிஸ், மேத்கேம்ப் எல்லாம் வெளிநாட்டு மாணவர்களையும் எடுப்பவை, எச்-4 பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஐந்தாவது: முழுச் செலவையும் ஒரே தாளில் போடுங்கள்

விளம்பரத்தில் இருப்பது ஒரு எண், கடைசியில் கட்டுவது வேறு எண். விண்ணப்பக் கட்டணம், திரும்பக் கிடைக்காத முன்பணம், மருத்துவக் காப்பீடு, புத்தகம், விமானம், விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போக ஒரு கட்டணம், வார இறுதிச் சுற்றுலா, கைச்செலவு. பக்கத்தில் இரண்டு தேதி எழுதுங்கள்: எதுவரை விலகினால் பாதிப் பணம் திரும்பும், எதற்குப் பிறகு ஒன்றுமே திரும்பாது. இலவச இடங்களின் முடிவு வருவதற்கு முன்பே கட்டண இடங்கள் முன்பணம் கேட்கும். இரண்டு தேதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தத் தாள்.

உதவித்தொகை என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது ஒன்று. யேலின் யங் குளோபல் ஸ்காலர்ஸ் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அப்படித் தருகிறது. கேட்காமலே "உங்கள் மகனுக்கு 500 டாலர் ஸ்காலர்ஷிப்" என்று வருவது இன்னொன்று. அதற்குத் தள்ளுபடி என்று பெயர்.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு விசா ஒரு தனிச் செலவு. கிரெடிட் தரும் வகுப்பு, அல்லது வாரத்துக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ நடக்கும் வகுப்பு என்றால் எஃப்-1 மாணவர் விசா வேண்டும். அந்த விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தர வேண்டும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். கிரெடிட் இல்லாத குறுகிய வகுப்புக்குச் சுற்றுலா விசா போதும் என்று நடத்துபவர்கள் சொன்னால், அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் தேதி கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் மார்ச்சில் யோசிக்க ஆரம்பிப்பது தாமதம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால், இஸ்ரோ 2019ல் தொடங்கிய யுவிகா பயிற்சியையும் பார்த்துவிடுங்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ செலவு. ராக்கெட் பிடித்த பிள்ளைக்கு அமெரிக்க விடுதி அறையைவிட அது பெரிய விஷயம்.

ஆறாவது: அதே பாடம் வேறெங்கே கிடைக்கிறது?

கிரெடிட்தான் வேண்டுமென்றால் பக்கத்து கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் அதன் கட்டணமே ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். பள்ளியில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதையும் தள்ளிவிடுவார்கள். சான் ஹோசே பக்கத்தில் டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளின் கோடை வகுப்புகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்க்கலாம். ஆறு வாரத்தில் ஒரு முழுப் பருவத்தின் பாடம், வயதில் மூத்தவர்களோடு, நிஜமான மதிப்பெண்.

நிஜமான மதிப்பெண் என்பதில்தான் ஒரு எச்சரிக்கை. கம்யூனிட்டி காலேஜோ ஹார்வர்டோ, கிரெடிட் வகுப்பில் வாங்கும் சி கிரேடு பிள்ளையின் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக ஏறிவிடும். அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்ணையும் காட்டியாக வேண்டும். டாக்டர் கனவுள்ள வீடுகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டை நாளைக்குச் சேரப்போகும் கல்லூரி ஏற்குமா என்பதும் அந்தக் கல்லூரியின் விருப்பம்.

பாடம் மட்டும் போதும், கிரெடிட் வேண்டாம் என்றால், ஹார்வர்டின் சிஎஸ்50 கணினி வகுப்பை டேவிட் மாலன் நடத்துவதை இணையத்தில் இலவசமாகப் பார்த்து, பயிற்சிகளையும் செய்யலாம். எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து செய்வானா என்று கேட்பீர்கள். செய்யமாட்டான் என்றால், நீங்கள் வாங்குவது பாடம் இல்லை, எழுப்பி உட்காரவைக்க ஒரு ஆள். அதற்கும் விலை உண்டு, தப்பில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

முனைவர் ஒருவரோடு இணையவழி ஆய்வு, முடிவில் கட்டுரை "பிரசுரம்" என்று பல ஆயிரம் டாலர் கேட்கும் சேவைகளும் இப்போது பெருகியிருக்கின்றன. பிரசுரம் எந்த இதழில், அந்த இதழ் எதையாவது நிராகரிக்குமா என்ற இரண்டு கேள்வி போதும்.

ஏழாவது: அப்படியானால் யார் கட்டலாம்?

சிலர் தாராளமாகக் கட்டலாம். பள்ளியில் கிடைக்கவே கிடைக்காத ஒரு பாடத்தின்மேல் கண் வைத்திருக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று வையுங்கள்: தொல்லியல், மொழியியல், தத்துவம், கட்டடக்கலை. அவளுக்கு அந்த இரண்டு வாரம் பெரிய கதவு. பதினாறு வயதுவரை ஒரு ராத்திரிகூட வீட்டைவிட்டுத் தனியாகத் தங்காத, சாப்பாட்டுத் தட்டைக் கழுவத் தெரியாத பையனுக்கு விடுதி வாசமே பாடம். தனக்கு என்ஜினியரிங் பிடிக்குமா என்று தெரியாத பிள்ளை, நான்கு வருடப் பணத்தைக் கட்டியபின் தெரிந்துகொள்வதைவிட மூன்று வாரத்தில் தெரிந்துகொள்வது மலிவு. "எனக்கு இது வேண்டாம்" என்று திரும்பி வந்தாலும் அந்தப் பணம் வீணில்லை என்றே சொல்வேன். கல்லூரிக்கென்று 529 என்ற சேமிப்புக் கணக்கில் சேர்த்ததில் கை வைக்காமல், கடன் வாங்காமல் கட்ட முடிகிறது என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை.

தடுமாற்றம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மறைத்துவிட்டுப் பாடத்திட்டத்தையும் தினசரி அட்டவணையையும் மட்டும் பிள்ளையிடம் காட்டுங்கள். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே வகுப்பு மூன்றில் ஒரு பங்கு விலையில் நடந்தால் போவாயா என்று கேளுங்கள். "போவேன்" என்றால் வகுப்பு அவளுக்கானது, விலை குறைந்த இடத்தையே தேடலாம். "அங்கேயா?" என்று முகம் சுளித்தால், நீங்கள் கட்டப்போவது டி-ஷர்ட்டுக்கு.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போன வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவர் பேராசிரியரா, ஆய்வு மாணவரா, கல்லூரியில் படிக்கும் பையனா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? தினமும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் "செயல்பாடு"? முடிவில் ஆசிரியர் எழுத்தில் மதிப்பீடு தருவாரா? இரவில் விடுதியில் பொறுப்பாளர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்? நல்ல இடங்கள் இரண்டு நாளில் எண்களோடு பதில் போடும். "உலகத்தரம் வாய்ந்த அனுபவம்" என்று பதில் வந்தால் அதுவே பதில்.

சேர்த்துவிட்டால்

போன வருடம் போன பிள்ளை ஒருவரோடு உங்கள் பிள்ளையைப் பேசவிடுங்கள், நீங்கள் அந்த அழைப்பில் இருக்க வேண்டாம். விடுதி அறையில் ஏசி இருக்கிறதா என்பது முதல் சைவச் சாப்பாடு எந்த வரிசையில் கிடைக்கும் என்பதுவரை அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பழைய விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது, ஒரு சின்ன மின்விசிறி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். தினமும் மூன்று தடவை வீடியோவில் கூப்பிட்டால் விடுதிக்கு அனுப்பியதன் பலன் போய்விடும் என்பதை அம்மாக்களைவிட அப்பாக்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்த வாரமே, என்ன செய்தாள், யாரிடம் படித்தாள், எது அலுத்தது, எதைப் பற்றி ராத்திரி பன்னிரண்டு மணிவரை யாரோடு சண்டை போட்டாள் என்று ஒரு பக்கம் அவளையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கல்லூரிக் கட்டுரை எழுத உட்காரும் அக்டோபருக்குள் ஆசிரியர் பெயர்கூட மறந்திருக்கும்.